கால்நடை மருத்துவராக வழி வகுப்போம்

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் தமிழில் உண்டு. இது அகராதியோடு நின்றுவிட்ட பொருள் அன்று. நமது கிராம வாழ்க்கையே அதற்குச் சான்று பகர்கிறது. மழை பொய்த்து நிலம் தரிசாகக் கிடக்கும் ஆண்டில் குடும்பத்தைத் தாங்கி நிற்பது கறவை மாடேயாகும். அவசரத் தேவைக்குக் கைகொடுப்பவை பட்டியில் நிற்கும் நான்கு ஆடுகளே. 2019ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட கால்நடைக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் சுமார் 95 இலட்சம் மாடுகளும், 5 இலட்சம் எருமைகளும், 45 இலட்சம் செம்மறியாடுகளும், 98 இலட்சத்துக்கு மேற்பட்ட வெள்ளாடுகளும் இருந்தன. கோழியினங்களோ 12 கோடிக்கும் அதிகம்.

இத்துணைப் பெருஞ்செல்வத்தைக் காக்கும் பொறுப்பு கால்நடை மருத்துவர்களைச் சார்ந்தது. அவ்வாறு காக்க வருகிறவர்களில், மாட்டுக் கொட்டகையிலேயே வளர்ந்த நமது குழந்தைகள் எத்தனை பேர்? சினை மாட்டின் நடையைப் பார்த்தே நாள் சொல்லக்கூடிய சிறுவர் சிறுமியர் ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றனர். அவர்களுக்கு அறிவுக் குறைவு இல்லை. ஆர்வக் குறைவும் இல்லை. வழி தெரியாமையே குறை. அந்த வழியைப் படிப்படியாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கால்நடை மருத்துவரின் பணி

நோயுற்ற மாட்டுக்கு ஊசி போடுவதே கால்நடை மருத்துவரின் வேலை என்று பலர் எண்ணுகின்றனர். இது முழு உண்மை அன்று. கோமாரி, தொண்டை அடைப்பான், சப்பை நோய், ஆட்டுக்கொல்லி, கோழிகளுக்கு வரும் வெள்ளைக் கழிச்சல் ஆகியவை பரவாமல் தடுப்பூசி போட்டுக் காப்பது அவர் பணி. கன்று திரும்பி நிற்கும் பேற்றில் தாயையும் கன்றையும் பிழைக்கச் செய்வது அவர் பணி. தீவனம், இனவிருத்தி, மலடு நீக்கம், பால் மற்றும் இறைச்சியின் தூய்மை ஆகியவையும் அவர் கவனத்துக்குரியவை. வெறிநோய், அடைப்பான், கன்று வீச்சு நோய் போன்றவை விலங்குகளிடமிருந்து மனிதர்க்கும் தொற்றக்கூடியவை. ஆதலால் கொட்டகையைக் காக்கும் மருத்துவர் வீட்டையும் காக்கிறார் என்று சொல்வது மிகையாகாது.

இத்துறையின் ஆற்றலுக்கு ஓர் உதாரணம் காட்டுவோம். வெக்கை நோய் ஊருக்குள் புகுந்தால் தொழுவங்கள் வெறுமையாகிவிடும் என்று முதியோர் கூறக் கேட்டிருப்போம். அந்நோயை ஒழிப்பதற்கான தேசியத் திட்டம் 1954இல் நம் நாட்டில் தொடங்கப்பெற்றது. பல்லாண்டுக் காலம் ஊர் ஊராகச் சென்று தடுப்பூசி போட்டதன் பயனாக இந்நாட்டில் அது மறைந்தது. 2011இல் உலகம் முழுவதிலுமே வெக்கை நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மனிதரின் பெரியம்மைக்கு அடுத்தபடியாக உலகிலிருந்து முற்றிலும் ஒழிக்கப்பட்ட நோய் இதுவே. கால்நடை மருத்துவர்களும் உதவியாளர்களும் கிராம மக்களும் ஒன்றுகூடிச் செய்த சாதனை இது.

படிக்கும் இடங்கள்

நமது மாநிலத்தில் இக்கல்வி புதியது அன்று. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் சைதாப்பேட்டையில் தொடங்கப்பெற்றுப் பின்னர் வேப்பேரிக்கு மாற்றப்பட்டது. 1985இல் நாமக்கல்லில் இரண்டாவது கல்லூரி ஏற்பட்டது. 1989இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தனியாக நிறுவப்பட்டது. அதன்பின் திருநெல்வேலியிலும் ஒரத்தநாட்டிலும், 2020இல் சேலம் மாவட்டம் தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி ஆகிய இடங்களிலும் கல்லூரிகள் தோன்றின. ஆக ஏழு கல்லூரிகள் உள்ளன. முன்னர் சென்னை சென்றாலன்றிக் கிடைக்காத கல்வி, இன்று மாநிலத்தின் பல பகுதிகளுக்கும் அணித்தாக வந்துள்ளது.

எனினும், ஏழு கல்லூரிகளிலும் சேர்ந்து இடங்கள் சில நூறு மட்டுமே. விண்ணப்பிப்போர் பல்லாயிரவர். ஆகவே இதற்குத் திட்டமிடுதல் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்தபின் தொடங்குவது காலங்கடந்த செயலாகும்.

முதற்படி: பதினோராம் வகுப்பில் எடுக்கும் பிரிவு

இவ்வழியில் யாவற்றிலும் முக்கியமான முடிவு, குழந்தைக்குப் பதினைந்து வயது இருக்கும்போதே எடுக்கப்பட்டுவிடுகிறது. பத்தாம் வகுப்புத் தேறியவுடன் எந்தப் பிரிவில் சேர்வது என்பதே அம்முடிவு. கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பில் சேர இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய பாடங்களைப் படித்துத் தேறியிருத்தல் வேண்டும். உயிரியலுக்குப் பதிலாகத் தாவரவியலும் விலங்கியலும் இருக்கலாம். உயிரியல் இல்லாத பிரிவில் சேர்ந்தவர், முழு மதிப்பெண் பெற்றாலும் விண்ணப்பிக்க இயலாது.

நமது வட்டாரத்தில் நாம் கண்ட ஒரு செய்தியைக் கூறுவோம். சிற்றூர் ஒன்றில் மூன்று கறவை மாடுகளை வைத்துப் பிழைக்கும் குடும்பம். அவ்வீட்டுப் பெண் பள்ளிக்குப் போகும் முன்னரே மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிப் பால் கறந்து சங்கத்துக்குக் கொடுத்துவிட்டுப் போவாள். தடுப்பூசி முகாம் நடந்தால் மருத்துவருக்கு உதவியாக மாட்டைப் பிடிப்பவளும் அவளே. பன்னிரண்டாம் வகுப்பில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றாள். கால்நடை மருத்துவம் படிக்க விரும்பித் தந்தையுடன் ஒன்றிய அலுவலகத்துக்கு வந்தாள். மதிப்பெண் பட்டியலை வாங்கிப் பார்த்தோம். கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் என்றிருந்தது. கணினி படித்தால் வேலை கிடைக்கும் என்று எவரோ கூறியதைக் கேட்டு இரண்டாண்டுகளுக்கு முன் சேர்ந்த பிரிவு அது. அன்று அவளுக்கு வேறு வழி கூற எம்மால் இயலவில்லை. அவள் பொறியியல் படித்து நகரத்தில் நல்ல பணியில் இருக்கிறாள். அதில் குறை ஒன்றுமில்லை. ஆயினும் அவள் விரும்பிய தொழிலுக்கு உரிய தகுதி ஒரு படிவத்தில் இட்ட ஒரு குறியினால் கைநழுவிப் போயிற்று என்பதை நாம் மறத்தல் ஆகாது.

எனவே பெற்றோர்க்கு நாம் கூறும் யோசனை இதுதான்: பிள்ளையின் விருப்பம் உறுதிப்படாத நிலையில், கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய நான்கும் அடங்கிய பிரிவில் சேர்ப்பது நலம். மருத்துவம், கால்நடை மருத்துவம், வேளாண்மை, பொறியியல் ஆகிய எல்லா வழிகளும் அதில் திறந்திருக்கும். கணிதம் கடினமாக உள்ள பிள்ளைக்குத் தாவரவியல், விலங்கியல் அடங்கிய பிரிவு பொருந்தும்.

பள்ளியை மாற்றுமுன் யோசிக்க

இரண்டாவதாகக் கவனிக்க வேண்டியது, பிள்ளை படிக்கும் பள்ளி. 2021ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்படி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளில் படித்த மாணவர்களுக்குத் தொழிற்கல்விப் படிப்புகளில் 7.5 சதவிகித இடங்கள் முன்னுரிமையாக ஒதுக்கப்படுகின்றன. கால்நடை மருத்துவமும் அதில் அடங்கும். இவ்வொதுக்கீட்டில் குறைந்த மதிப்பெண் பெற்றவரும் இடம் பெற வாய்ப்புண்டு.

சில பெற்றோர் கடன் வாங்கியேனும் பிள்ளையைக் கடைசி இரண்டு ஆண்டுகள் தனியார் பள்ளிக்கு அனுப்புகின்றனர். நல்லெண்ணத்தில் செய்யும் காரியம்தான். ஆனால் அதனால் மேற்கண்ட முன்னுரிமை போய்விடும் என்பதைப் பலர் அறியார். பணமும் செலவாகி உரிமையும் இழந்த குடும்பங்கள் உண்டு. பள்ளியை மாற்றுமுன் இரு பக்கத்து இலாப நஷ்டங்களையும் எடை போட்டுப் பார்ப்பது விவேகமாகும்.

மதிப்பெண் கணக்கு

மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்குத் தரவரிசை, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு மதிப்பெண்களைக் கொண்டு தயாரிக்கப்படுகிறது. மொத்தம் 200க்குக் கணக்கிடுவர். உயிரியலின் 100 மதிப்பெண் அப்படியே சேரும். இயற்பியல், வேதியியல் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 100க்குக் கொள்வர். உதாரணமாக, ஒரு மாணவர் உயிரியலில் 96, இயற்பியலில் 90, வேதியியலில் 94 பெற்றால், 96உடன் 92 சேர்ந்து 188 ஆகும். இதிலிருந்து ஓர் உண்மை புலப்படும். உயிரியலில் கூடுதலாகப் பெறும் ஒரு மதிப்பெண், மற்றப் பாடங்களில் பெறும் இரண்டு மதிப்பெண்ணுக்குச் சமம். தாவரவியல், விலங்கியல் படித்தவர்க்கு அவ்விரண்டின் சராசரி உயிரியலின் இடத்தில் கொள்ளப்படும்.

இடங்களில் 15 சதவிகிதம் அகில இந்திய ஒதுக்கீட்டைச் சார்ந்தவை. அவை நீட் தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டு நிரப்பப்படுகின்றன. ஆதலால் நீட் எழுதாத மாணவரும் மாநில ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கலாம். எழுதியவர்க்கு இரு வழிகளும் உண்டு. நீட் எழுதவில்லை, ஆகவே வழியில்லை என்று மனம் தளர்ந்து ஒதுங்கிவிட வேண்டாம். விதிகளில் ஆண்டுதோறும் சிறு மாறுதல்கள் வரக்கூடுமாகையால், பல்கலைக்கழகம் வெளியிடும் அவ்வாண்டின் தகவல் குறிப்பேட்டை முழுவதும் படித்துப் பார்த்தல் இன்றியமையாதது. சேரும் ஆண்டின் டிசம்பர் 31ஆம் நாளில் பதினேழு வயது நிறைவடைந்திருத்தலும் வேண்டும்.

விண்ணப்பம் இணையவழியே பெறப்படுகிறது. சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று, குடும்பத்தில் முதற்பட்டதாரி எனில் அதற்குரிய சான்று ஆகியவற்றைத் தேர்வு முடிவுக்கு முன்னரே இ-சேவை மையத்தின் வாயிலாகப் பெற்று வைத்தல் நலம். பெயரின் எழுத்தும் பிறந்த தேதியும் எல்லா ஆவணங்களிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்க வேண்டும். கடைசி நாளில் அலைந்து இடத்தை இழப்பதைக் காட்டிலும் முன்னேற்பாடு எவ்வளவோ மேல்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. மாநில ஒதுக்கீட்டு இடங்கள் தரவரிசைப்படி, கலந்தாய்வின் மூலமே தரப்படுகின்றன. பணம் கொடுத்தால் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் இடைத்தரகரை ஊருக்குள் அண்ட விடுதல் ஆகாது.

ஐந்தரை ஆண்டுப் படிப்பு

இப்படிப்பின் காலம் ஐந்தரை ஆண்டுகள். நான்கரை ஆண்டு வகுப்புகளும் செய்முறைகளும். இறுதி ஓராண்டு நேரடிப் பயிற்சி. தொடக்கத்தில் உடற்கூறியல், உடலியங்கியல், கால்நடை வளர்ப்பு முறைகள் முதலியன கற்பிக்கப்படும். பின்னர் நுண்ணுயிரியல், ஒட்டுண்ணியியல், நோய்க்குறியியல், மருந்தியல் ஆகியவை வரும். அதன்பின் மருத்துவம், அறுவைச் சிகிச்சை, சினைப் பராமரிப்பு ஆகியவற்றை நோயுற்ற கால்நடைகளின் அருகிலேயே நின்று கற்பர்.

பாடங்கள் ஆங்கிலத்தில் நடைபெறுகின்றன. தமிழ் வழியில் படித்துச் செல்லும் மாணவர்க்கு முதலாண்டு கடினமாகவே இருக்கும். இதை மறைத்துப் பயனில்லை. பத்தாம் வகுப்பிலிருந்தே நாளொன்றுக்கு ஒரு பக்கம் ஆங்கிலம் படிப்பதும், உயிரியற் சொற்களை இரு மொழிகளிலும் எழுதிப் பழகுவதும் இவ்விடரைப் பெரிதும் குறைக்கும். கிராமத்து மாணவர்க்கு வேறொரு பலம் உண்டு. மாட்டின் அருகில் செல்ல அவர் அஞ்சமாட்டார். அதன் மிரட்சியையும் சோர்வையும் கண் பார்த்தே அறிவார். வாயில்லா ஜீவனின் நோயை அறிய இப்பழக்கம் பெருந்துணையாகும்.

பிள்ளைக்கு இத்தொழில் உண்மையிலேயே பிடிக்குமா என்பதை முன்கூட்டி அறிவதும் எளிது. விடுமுறை நாட்களில் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கு மருத்துவரின் அனுமதியோடு அனுப்பிப் பாருங்கள். தடுப்பூசி முகாமில் உதவச் செய்யுங்கள். வீட்டு மாட்டின் சினைப் பருவம், ஈன்ற தேதி, பாலின் அளவு, தடுப்பூசி போட்ட நாள் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வரச் சொல்லுங்கள். இரத்தமும் சாணமும் கண்டு முகம் சுளிக்காமல், நள்ளிரவில் அழைத்தாலும் சலிக்காமல் போகும் மனம் இருக்கிறதா என்பது விரைவில் தெரிந்துவிடும். அந்நோட்டுப் புத்தகம் குடும்பத்தின் வருமானத்துக்கும் உதவும் என்பது கூடுதல் இலாபம்.

பட்டம் பெற்றபின்

பட்டம் பெற்றவர் மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் இதனை வலியுறுத்துகிறது. செயற்கை முறைக் கருவூட்டல் முதலிய குறுகிய காலப் பயிற்சி பெற்றோர் செய்யும் பணியும் ஊருக்கு வேண்டியதே. ஆனால் அப்பயிற்சி ஒருவரை மருத்துவராக்காது. சில மாதப் பயிற்சியில் மருத்துவராகலாம் என்று விளம்பரம் செய்வோரிடம் பணத்தை இழக்க வேண்டாம்.

பதிவு பெற்றவர்க்கு வாய்ப்புகள் பல. அரசுக் கால்நடை பராமரிப்புத் துறையில் கால்நடை உதவி மருத்துவர் பதவிக்குத் தேர்வு எழுதலாம். பால் ஒன்றியங்கள், கோழிப் பண்ணைகள், மருந்து உற்பத்தி நிறுவனங்கள், உயிரியல் பூங்காக்கள் ஆகியவற்றிலும் பணி உண்டு. சொந்தமாக மருத்துவமனை நடத்தலாம். மேற்படிப்புப் படித்து ஆசிரியராகவோ ஆராய்ச்சியாளராகவோ ஆகலாம். அரசு வேலை ஒன்றையே நம்பியிருத்தல் கூடாது. ஆள் தேர்வு எல்லா ஆண்டுகளிலும் நடைபெறுவதில்லை என்பதையும் பெற்றோர் உணர்ந்திருத்தல் வேண்டும்.

இடம் கிடைக்காத பிள்ளைகள் மனம் உடைய வேண்டியதில்லை. பால்வளத் தொழில்நுட்பம், உணவுத் தொழில்நுட்பம், கோழியினத் தொழில்நுட்பம் ஆகிய பட்டப்படிப்புகள் அதே பல்கலைக்கழகத்தில் உள்ளன. இவற்றுள் பால்வளம், உணவு ஆகியவற்றுக்குக் கணிதம் தேவை. நால்வகைப் பாடமும் அடங்கிய பிரிவைச் சிறந்தது என்று மேலே கூறியதற்கு இதுவும் ஒரு காரணம். வேளாண்மை, மீன்வளம், விலங்கியல் ஆகியவையும் நல்ல வழிகளே. கலந்தாய்வுக்கு முன்பே இரண்டாவது, மூன்றாவது விருப்பங்களையும் குடும்பத்தார் பேசி முடிவு செய்து வைத்தல் வேண்டும்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

இவையனைத்தும் ஒரு குடும்பம் தனித்து நின்று அறிந்து செய்யக்கூடியவை அல்ல. படித்தவர் இல்லாத வீட்டில் வழிகாட்டுபவர் யார்? இங்கேதான் பஞ்சாயத்து உறுப்பினர்களின் கடமை தொடங்குகிறது. பெரும் பணச் செலவு இல்லாமலே செய்யக்கூடிய சில காரியங்களைக் கூறுகிறோம்.

முதலாவதாக, ஊராட்சியில் பத்தாம் வகுப்பு எழுதும் பிள்ளைகளின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து வைத்தல். எந்தப் பிள்ளை எந்தப் பிரிவில் சேரப் போகிறது, ஏன் என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுவுடன் கலந்து பேசுதல்.

இரண்டாவதாக, மே 1ஆம் நாள் நடைபெறும் கிராம சபையைப் பயன்படுத்துதல். பத்தாம் வகுப்பு முடிவுகள் வெளிவரும் காலமும் அதனை ஒட்டியே வருகிறது. அன்று தலைமையாசிரியரையும் கால்நடை உதவி மருத்துவரையும் அழைத்துப் பாடப்பிரிவுகளைப் பற்றிக் கால் மணி நேரம் பேசச் செய்யலாம்.

மூன்றாவதாக, சான்றிதழ்களுக்காக அலையும் பெற்றோர்க்குத் துணை நிற்றல். எழுதப் படிக்க அறியாத தந்தை ஒருவர் பிழையான படிவத்தோடு மூன்று முறை திரும்பி வருவதை ஓர் உறுப்பினர் உடன் சென்றால் தவிர்க்கலாம்.

நான்காவதாக, ஊராட்சி நூலகத்தில் உயிரியல் நூல்களும், பல்கலைக்கழகத்தின் தகவல் குறிப்பேட்டின் அச்சுப்படியும் இருக்கச் செய்தல்.

ஐந்தாவதாக, பெண் பிள்ளைகளுக்கு ஊக்கமளித்தல். மாட்டு வைத்தியம் ஆண்களின் வேலை என்று இன்னும் சிலர் சொல்கின்றனர். வீட்டில் மாட்டுக்குத் தீவனம் வைப்பவரும், பால் கறப்பவரும், கன்றைப் பேணுபவரும் பெரும்பாலும் பெண்களே. அவ்வேலைக்குத் தகுதியானவர்கள் அதன் மருத்துவத்துக்கு மட்டும் எப்படித் தகுதியற்றவராவர்? இன்று மாணவியர் பெருமளவில் இக்கல்லூரிகளில் பயில்கின்றனர். ஐந்தரை ஆண்டு மிக நீண்ட காலம், அதற்குள் திருமணம் முடித்துவிடலாம் என்று எண்ணும் பெற்றோரைச் சந்தித்து எடுத்துச் சொல்வதும் உறுப்பினர்களின் கடமைகளுள் ஒன்று.

விதை நல்லதாயினும் பருவத்தே விதைத்தால்தான் பலன் தரும் என்பதை விவசாயப் பெருமக்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கல்விக்கும் பருவம் உண்டு. கால்நடை மருத்துவக் கல்விக்கு அப்பருவம் பத்தாம் வகுப்பு முடியும் கோடைகாலமே. வரும் கோடையில் உங்கள் ஊரில் பத்தாம் வகுப்பு முடிக்கும் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் ஒருமுறை சென்று, "எந்தப் பிரிவில் சேரப் போகிறாய்?" என்று கேளுங்கள். இக்கேள்வியைக் கேட்கப் பஞ்சாயத்துக்குத் தனி நிதி வேண்டியதில்லை.